கும்பாபிஷேகத்தன்று காட்டாத கொடி

களத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேலே பறக்கத்தான் ஆசை இருக்கும். இருக்கட்டும். பறப்பதைச் சொல்லிக்கொடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு நாளும் மேலே போனதில்லை. கூப்பிட்டும் போகவில்லை. கீழே நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும், அதைத்தான் எழுதுகிறேன். எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. மெதுவாகத்தான் எழுத வரும். நீங்களும் மெதுவாகவே படியுங்கள், ஒன்றும் ஓடிப்போகாது.

நாமக்கல்லில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடையில் இருந்தவள் நான். ஒரு நாள் கடைக்கு முன்னால் ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் வயதானவர், நிமிர்ந்த நடை. இரண்டு கையிலும் ஒரு வெள்ளைத் துணியைப் பச்சைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்தி வந்தார். நடுவில் நீளமாகக் கிழிந்திருந்தது.

“எந்த லாரிக்குங்க?” என்று கேட்டேன்.

“லாரிக்கு இல்லம்மா. பறக்குற வண்டிக்கு.”

கடையே சிரித்தது. “அக்கா, நல்லாக் கெட்டியாத் தையுங்க, பாதி வழியில ஆளக் கொட்டிப்போடும்” என்றான் பக்கத்து மிஷினில் இருந்தவன். வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

“அவர் சொல்றது சரிதாம்மா” என்றார். “கொட்டிரும்.”

அவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆத்தூர்ப் பக்கத்து ஆள். வறண்ட ஏரி ஒன்றை ஒட்டி நிலம் எடுத்து, பறக்கும் வண்டிகள் ஏறி இறங்கும் இந்தக் களத்தை அப்போதுதான் ஆரம்பித்திருந்தார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் எல்லோரும் பெரியவர் என்றே கூப்பிட்டோம்.

அந்த வண்டிகளை நீங்கள் இப்போது தினமும் பார்க்கிறீர்கள். காகிதத்தில் மைக்ரோலைட் என்று இருக்கும், நாங்கள் டிரைக் என்போம். கீழே மூன்று சக்கரம், ஒரு இருக்கை. மேலே முக்கோணமாக ஒரு துணி இறக்கை. ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் எஞ்சினும் விசிறியும். அவன் முகத்துக்கு முன்னால் காற்றைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. அந்த இறக்கைத் துணியை எப்படித் தைப்பது, எந்த நூல், எத்தனை மடிப்பு என்று பெரியவர்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தார். பிரிக்கச் சொல்லிப் பிரிக்கச் சொல்லி என் உயிரை எடுத்தார். ஆனால் என் கையைத் தாண்டிப் போன இறக்கை ஒன்றுகூட மேலே பிரிந்ததில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

பிறகு ஒரு நாள் கொடியையும் என்னிடம் கொடுத்தார். மூங்கில் கழியில் கட்டிய வெள்ளைக் கொடி. எங்கள் களத்தில் சிவப்புக் கொடி கிடையாது. வெள்ளை அசைந்தால் வரலாம், இறங்கலாம், கிளம்பலாம். அசையவில்லை என்றால் எதுவும் கூடாது. சிவப்பு என்று ஒன்றை வைத்தால் அதைத் தூக்க மனசு வராத நேரம் வரும் என்பார் அவர். கை கட்டிக்கொண்டு சும்மா நின்றாலே ‘வேண்டாம்’ என்று ஆகிவிட வேண்டும்.

“எனக்குப் பறக்கத் தெரியாதுங்களே, எங்கையில எதுக்குங்க?” என்று கேட்டேன்.

“பறக்கத் தெரிஞ்சவன் கையில கொடுத்தா அவன் மனசும் சேர்ந்து மேல போயிடும். நீங்க கீழயே இருப்பீங்க.”

இதை அவர் மரியாதையாகச் சொன்னாரா, இல்லையா என்று எனக்கு ரொம்ப நாள் குழப்பம்.

இனி முருகேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் களத்துக்கு வந்தது முள் வெட்டுகிற கூலி வேலைக்கு. வெட்டி முடித்த பிறகும் போகவில்லை. வண்டியைத் தள்ளினான், துடைத்தான், எஞ்சினைப் பிரித்துப் பூட்டினான். பெரியவர் அவனை உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார். நாலைந்து வருஷத்தில் காற்றின் குணம் அவனுக்குத் தெரிந்த அளவு வேறு ஆளுக்குத் தெரியாது என்கிற நிலைக்கு வந்தான்.

அவன் ஊர் களத்துக்குக் கிழக்கே, நடந்து போகிற தூரம். அப்பா இல்லை. அவன் ஆத்தா செல்லம்மா அந்த ஊர்த் தோட்டங்களில் களை வெட்டியும், கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கியும் அவனை ஆளாக்கினவள். அந்த ஊர் மாரியம்மன் கோயிலில் அவர்கள் குடும்பத்துக்கு என்று எந்த முறையும் கிடையாது. திருவிழாவில் எல்லோரும் கும்பிட்டு நகர்ந்த பிறகு கும்பிடுவார்கள். இதை முருகேசன் என்னிடம் சொன்னதில்லை. செல்லம்மாதான் ஒரு நாள் வெற்றிலை போட்டுக்கொண்டே, மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அந்தக் கோயிலுக்குத்தான் கும்பாபிஷேகம் வந்தது. ஊர்த் தர்மகர்த்தா காரை எடுத்துக்கொண்டு களத்துக்கே வந்துவிட்டார்.

“பக்கத்து ஊர்க் கும்பாபிஷேகத்துல ஹெலிகாப்டர் வெச்சுக் கோபுரத்து மேல பூத் தூவுனாங்க சார். எங்களுக்கு வெளி ஆளு எதுக்குங்க? பறக்கறதுக்கு எங்க ஊட்டுப் பையனே இருக்கறான்” என்றார்.

எங்க ஊட்டுப் பையன் என்றதும் முருகேசன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“தண்ணி ஊத்துனதும் பூ விழோணும். பொறவு இவனுக்கு மேடையில பரிவட்டங் கட்டி மாலை போடறோம். இவங்காத்தாளுக்கு முன்னால உக்காரச் சேரு.”

பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார். “எத்தனை மணிக்கு?”

“முகூர்த்தம் ஒம்பதுக்கு மேலதானுங்க.”

பிள்ளைகளே, இந்த வண்டிகள் விடியற்காலையில் பறக்கிற வண்டிகள். வெயில் ஏறியதும் நம்ம ஊர்ச் செம்மண்ணும் பாறையும் சூடாகி, காற்று கொதிக்கிற பானை மாதிரி மேலே கிளம்பும். எட்டு மணிக்கு மேல் நாங்கள் வண்டியை எடுக்கவே மாட்டோம். பெரியவர் அதைச் சொன்னார். ஆறரை மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“அய்யரு குறிச்ச முகூர்த்தத்த நாம மாத்த முடியுங்களா சார்?”

“நான் போயிட்டு வந்துர்றனுங்க சார்” என்றான் முருகேசன். “ஒரே சுத்துத்தானுங்க.”

பெரியவர் அவனைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார். எங்கள் எல்லோருக்கும் அந்த மாலை அவன் கழுத்தில் விழ வேண்டும் என்றிருந்தது. ஒரு ஆளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு விதியைத் தளர்த்துகிறபோது, தளர்த்துகிற மாதிரியே தெரியாது. கெட்ட எண்ணத்தில் விதியை மீறுகிறவனைச் சுலபமாக நிறுத்திவிடலாம்.

அனுமதி எல்லாம் அவர்களே வாங்கினார்கள். பூவைக் கையால் தூவ முடியாது, பின்னால் விசிறி இருக்கிறது. இருக்கைக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே தொங்குகிற மாதிரி ஒரு பை தைத்தேன். வாய் கீழ்ப்பக்கம், இழுத்தால் திறக்கிற முடிச்சு. முதல் ஒத்திகையில் பை போதுமான அளவு கீழே தொங்கவில்லை. செவ்வந்தி பூராவும் விசிறிக்குள் போய், முருகேசன் முதுகெல்லாம் மஞ்சளாக வந்து இறங்கினான். “மாப்பிள்ளைக்கு நலுங்கு வெச்சாச்சு” என்று களமே சிரித்தது. பையை இன்னும் இறக்கித் தைத்தேன், சரியாக விழுந்தது.

உதிரிப்பூதான் வேண்டும், நாரில் கட்டிய பூ ஒன்றுகூட இருக்கக்கூடாது, நார் போய் விசிறியில் சுற்றிக்கொண்டால் எஞ்சின் நின்றுவிடும் என்று ஊரில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தோம். கும்பாபிஷேகத்தன்று காலையில் போய்ப் பார்த்தால், பெண்கள் கூடி உட்கார்ந்து கூடை கூடையாகச் சரம் தொடுத்து வைத்திருக்கிறார்கள்.

“உதிரியா எப்படிங்க சாமிக்குப் போடறது? மண்ணள்ளிக் கொட்டறாப்பல இருக்குமுங்களே” என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. யாரையும் வைய முடியவில்லை.

செல்லம்மாதான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு சரமாக எடுத்து, நாரை உருவி, பூவைத் தனியாகக் கூடையில் போட்டாள். உருவின நாரையெல்லாம் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள், காற்றில் பறந்து திரும்பப் பூவில் விழுந்துவிடும் என்று. உதவிக்குப் போனவர்களை விடவில்லை. “ஒண்ணு உங்க கண்ணுக்குத் தப்பிப்போச்சுன்னா? நானே பாத்துக்கறனுங்க” என்றாள்.

பூவைக் களத்துக்குக் கொண்டுவந்து, முருகேசன் அதோடு கிளம்புகிற வரை இருந்துவிட்டு, நான் கொடியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஊருக்குப் போனேன். ஏற்பாடு இதுதான். அவன் ஏரிக்கு மேலே சுற்றிக்கொண்டு காத்திருப்பான். கோயிலுக்கு எதிரில் தர்மகர்த்தா வீட்டு மொட்டை மாடியில் நான் நிற்பேன். கலசத்தில் தண்ணீர் ஊற்றியதும் கொடியை அசைப்பேன். அவன் வந்து, கோபுரத்துக்கு நாலு பனை உயரத்தில் கடந்து, பூவைக் கொட்டிவிட்டுப் போய்விடுவான். கைரேடியோ இருந்தது. ஆனால் நாலு பக்கமும் ஒலிபெருக்கியில் நாதஸ்வரமும் மேளமும். கொடியைத்தான் நம்பியிருந்தோம்.

மாடிக்குச் செல்லம்மாவையும் ஏற்றியிருந்தார்கள். புதுச் சேலை, மடிப்புக்கூடக் கலையவில்லை. அந்த வீட்டு வாசலை வருஷக்கணக்காகக் கூட்டியிருக்கிறாள். படி ஏறினது அன்றைக்குத்தானாம். சேர் போட்டிருந்தும் உட்காரவில்லை. கைப்பிடிச் சுவரைக்கூடத் தொடாமல் என் பக்கத்தில் நின்றாள்.

“எங்கீங்கக்கா இருக்கறான்?”

ஏரிப் பக்கம் வெள்ளையாகத் தெரிந்த புள்ளியைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துக் கும்பிட்டாள். கோயிலை இன்னும் கும்பிடவில்லை.

கீழே தலையாகத் தெரிந்தது. சந்து, கூரை, புளிய மரம் எங்கு பார்த்தாலும் ஆள். கோபுரத்துச் சாரத்தின் மேல் குருக்கள்மார் குடத்தோடு தயாராக நின்றார்கள். ஆனால் ஊற்றவில்லை. எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கருடனுக்காகக் காத்திருக்கிறார்கள்.

கும்பாபிஷேகத்தில் கருடன் வந்து கோபுரத்தைச் சுற்ற வேண்டும். சுற்றினால்தான் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா, பெரியவருக்குத் தெரியாதா, முருகேசனுக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரியும். காற்று, பூ, நார், உயரம், அனுமதி என்று எத்தனையோ பேசினோம். வானத்தில் எங்களுக்கு முன்பே ஒரு விருந்தாளிக்கு இடம் வைத்திருக்கிறார்கள் என்பதை ஒருத்தரும் பேசவில்லை. அது பக்தி, இது வேலை என்று மனசில் இரண்டு தனித்தனி அறையில் வைத்திருந்தோம்.

வந்தது. செம்பழுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து. கிழக்கில் இருந்து இறக்கையை அசைக்காமல் மிதந்து வந்து கோபுரத்தை ஒரு வட்டம் போட்டது. ஊரே கத்தியது. குலவைச் சத்தத்தில் மேளம் கேட்கவில்லை. என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது, கழியை இடுக்கிக்கொண்டு நானும் கும்பிட்டேன். குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள்.

“காட்டுங்கக்கா” என்றாள் செல்லம்மா.

கழியைத் தூக்கப் போனவள், இன்னொரு முறை மேலே பார்த்தேன். மூன்று இருந்தன. அப்புறம் ஐந்தாறு. அப்புறம் எண்ண முடியவில்லை. நம்ம பக்கம் ஊரைச் சுற்றிக் கோழிப்பண்ணை, பருந்துக்குப் பஞ்சமா? யாகசாலைத் தகரக் கூரையில் இருந்தும், அத்தனை கூட்டத்தில் இருந்தும் கிளம்பின சூட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிச் சுற்றிக்கொண்டிருந்தன. கோபுரத்துக்கு நாலு பனை உயரத்தில், அவன் வரவேண்டிய வழியில்.

“ஏனம்மிணி, கொடியக் காட்டு” என்றார் தர்மகர்த்தா.

“பறவை வெலகட்டுமுங்க.”

“வெலகறதா? கருடன் சுத்தறப்பவே பூ விழுந்தாத்தான பேரு! எத்தன போன்ல படம் புடிக்கறாங்க பாரு. காட்டு, காட்டு.”

“முன்னால ஒண்ணுமில்லாத வண்டிங்க அது. ஒரு பருந்து வந்து அடிச்சாப் போதுமுங்க.”

“அவங்கண்ணுக்குத் தெரியாதா? வளைஞ்சு வருவான். மாரியாத்தா பாத்துக்குவா. நீ காட்டு.”

அவர் கழியைப் பிடிக்கக் கை நீட்டினார். நான் கொடித் துணியைக் கழியோடு சுற்றி மாரோடு அணைத்துக்கொண்டேன். அவர் என்னைத் தொடமாட்டார் என்று தெரியும். ஆனால் செல்லம்மா என் கையைப் பிடித்தாள். களை வெட்டிக் காய்த்த கை, என் மணிக்கட்டை அப்படி இறுக்கியது.

“அக்கா, உங்களக் கும்புட்டுக்கறேன். ஊரே பாக்குதுங்கக்கா. இனி எப்ப வருமுங்க இந்த நாளு? எம்பையன் பாத்து வந்துருவானுங்க. அவனுக்குத் தெரியாததாக்கா?”

அவள் சொன்னதையேதான் என் மனசும் சொல்லிக்கொண்டிருந்தது. கெட்டிக்காரன், வளைத்துக்கொண்டு போய்விடுவான், இத்தனை வருஷத்தில் ஒரு தப்பு செய்திருக்கிறானா என்று. பிள்ளைகளே, அந்த நினைப்பு வரும்போது பயப்படுங்கள். மேலே இருக்கிற ஆளின் கெட்டிக்காரத்தனத்தைக் கீழே இருக்கிற நாம் எடுத்துச் செலவு பண்ணக்கூடாது. அவனுக்கு வேறு எதற்காவது அது தேவைப்படும்.

இன்னொன்றும் நினைத்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகாமல், விசிறியில் அடிபட்டு ஒரு கருடன் கோபுரத்தின் மேல் விழுந்தால்? அத்தனை பேர் பார்க்க? அப்புறம் அந்த ஊரில் செல்லம்மா எந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பாள்?

நான் கொடியைப் பிரிக்கவில்லை.

புள்ளியாக இருந்தது பெரிதாகிக்கொண்டு வந்தது. அவன் ஊரைப் பார்த்துத் திரும்பியிருந்தான். எஞ்சின் சத்தம் கேட்டதும் கூட்டம் முழுக்கக் கையைத் தூக்கிக் கத்தியது. செல்லம்மா என் கையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இறக்கை இரண்டு பக்கமும் ஆடுவது எனக்குத் தெரிந்தது, காற்று அவனை உலுக்கிக்கொண்டிருந்தது. ஊர் எல்லைப் பனைமரங்கள் வரை வந்தான். என் மாடியைப் பார்த்திருப்பான். வெள்ளை இல்லை. அங்கேயே சாய்ந்து திரும்பினான். பை நிறையப் பூவோடு ஏரிப் பக்கம் போய், பிறகு களத்தின் பக்கம் இறங்கி மறைந்துவிட்டான்.

பருந்துகள் அதற்கப்புறமும் போகவில்லை. தீபாராதனை முடிகிற வரை சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு இறகு விழவில்லை. இந்த வேலையில் இருக்கிற சங்கடம் அதுதான். நடக்காத விபத்தை யாருக்கும் காட்ட முடியாது. வேண்டாம் என்று சொன்னவள் கடைசிவரை வெறுங்கையோடுதான் நிற்க வேண்டும். அன்றைக்குக் கொடியைக் காட்டியிருந்தால் அவன் பூவைத் தூவிவிட்டுச் சிரித்துக்கொண்டே போயிருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

கீழே இருந்து, “பயந்துட்டு ஓடிப்போட்டான்டா” என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பும் வந்தது. தர்மகர்த்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வண்டி ஓட்டக் கத்துக்கலாம். தெகிரியம் ரத்தத்துல வரோணுமில்ல” என்றார். மாடியில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். அவன் பயப்படவில்லை, கொடி என் கையில் இருந்தது, காட்டாதது நான் என்று சொல்ல வந்தேன். அதற்குள் செல்லம்மா முன்னால் போய் நின்றுவிட்டாள்.

“அவம் பயப்படலீங்க சாமி. வாரேன்னுதானுங்க வந்தான். நாந்தானுங்க இந்தக்கா கையப் புடிச்சுட்டுக் கொடியக் காட்ட வேண்டாம்னு தடுத்துப்போட்டேன். பெத்தவளுக்கு மனசு கேக்கலீங்க.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் என் கையைப் பிடித்திருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். எதற்குப் பிடித்தாள் என்று அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது? அவருக்குக் கேட்டிருக்கும். ஆனால் அவருக்கும் இந்தக் கதை வசதியாக இருந்தது.

“பொம்பளைகள மாடி ஏத்துனது என்ற தப்பு” என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

நான் பெருமைக்காரி. என் தையலையோ என் முடிவையோ இன்னொருத்தர் தன்னுடையது என்று சொன்னால் பொறுக்காதவள். கடையில் இதற்காகவே சண்டை போட்டவள். அன்றைக்கு அவள் என் முடிவை என் கண் முன்னாலேயே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். மகன் கோழை என்று ஊர் சொல்வதை விட, ஆத்தாக்காரி கோழை என்று சொல்லட்டும் என்று. சொல்லிவிடாதே என்று கெஞ்சாமல், என்னைத் திரும்பி ஒரு பார்வைதான் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

படி இறங்கும்போது அவள் எனக்கு முன்னால் போய்விட்டாள். பெண்கள் நெருக்கித் தள்ளிக்கொண்டு தீர்த்தம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் வரிசைக்கு வெளியே போய் நின்றாள்.

நான் களத்துக்கு வந்தபோது முருகேசன் வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். பூப் பையை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்திருந்தான். வெயிலில் பூ வெந்து வாசனை தூக்கலாக வந்தது. பெரியவர் தள்ளி நின்று, காற்றடிக்கும் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் வரவில்லை.

“ஊருக்குள்ள இருந்து போனு மேல போனு பெரிம்மா” என்றான். என்னைப் பார்க்காமலே பேசினான். “ஆத்தா தடுத்துப்போட்டுதாமா. எல்லாத்தையும் விட்டுப்போட்டு அதக் கூட்டிட்டுப் போயி மேல நிக்க வெச்சாங்க பாருங்க. இத்தன வருசம் அந்தக் கோயிலு, அந்தக் கோயிலுன்னு பொலம்புச்சு. கடைசியில அதே...”

ஒரு பூவை எடுத்துக் கசக்கினான்.

மாடியில் இருந்ததை விட இங்கே முடிவெடுப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. செல்லம்மா அந்தப் பொய்யை ஊருக்காகச் சொன்னாளா, இவனுக்கும் சேர்த்தா? நான் காப்பாற்ற வேண்டியது எதை? அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு ஊரில் வாயை மூடினேன். இங்கேயும் மூடினால், இவன் ஆயுசு பூராவும் தன் ஆத்தாவைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பூவை நினைப்பான். இவனுக்கு என் மேல் கோபம் இருந்தால் நான் தாங்கிக்கொள்வேன். எனக்கு வீட்டில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவளுக்கு இவன் ஒருத்தன்.

“உங்காத்தா தடுக்கல சாமி” என்றேன். “காட்டு, காட்டுன்னு எங்கையப் புடிச்சுட்டுக் கெஞ்சுச்சு. கையில இன்னும் தடம் இருக்குது பாரு. நாந்தான் காட்டல. உன்னப் பயந்தவன்னு சொன்னாங்க, பொறுக்கமாட்டாம அது தன் தலையில போட்டுக்கிச்சு.”

அவன் என் மணிக்கட்டைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றுதான் நின்றேன்.

“நானும் பாத்தனுங்க பெரிம்மா” என்றான்.

“எதய?”

“கருடன. ஏரி மேல இருந்தே பாத்துப்போட்டேன். உள்ள போனா அடிக்காம வெளிய வர முடியாதுன்னு தெரிஞ்சுது. காத்தும் கையில நிக்கல.” அவன் குரல் இறங்கிவிட்டது. “தெரிஞ்சுதான் பனைமரம் வரைக்கும் வந்தேன். கொடி மட்டும் அசைஞ்சிருந்துதுன்னா உள்ள வந்திருப்பனுங்க.”

அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். மேலே இருக்கிறவனுக்குக் காற்று தெரியும், பறவை தெரியும், ஆபத்தும் தெரியும். ஆனால் சில நாட்களில் அவனால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. பெற்றவள் பார்த்துக்கொண்டிருப்பாள், ஊர் பார்த்துக்கொண்டிருக்கும், ஒரு மாலை காத்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்காகக் கீழே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள். அதற்காக யாரும் உங்களுக்கு நன்றி சொல்லமாட்டார்கள், எதிர்பார்க்காதீர்கள். கை வலித்தாலும் கழியை விடாதீர்கள்.

அதற்குப் பிறகு பெரியவர் எந்தக் கோயிலுக்கும், எந்தக் கல்யாணத்துக்கும், எந்தக் கட்சிக்காரருக்கும் வெயில் ஏறின நேரத்தில் வண்டி தந்ததில்லை. ‘ஆறரை மணிக்கு வரச் சம்மதமா’ என்று கேட்பார். இல்லை என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். இப்போதும் களத்தில் அப்படித்தான். ஏன் என்று யாராவது கேட்டால், நீங்கள் இனிச் சொல்லலாம்.

அன்றைக்கு முருகேசன் கொஞ்ச நேரத்தில் எழுந்தான். முகத்தைக் கழுவினான். பூப் பையின் வாயை இறுக்கிக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டான். பாதிக்கு மேல் வாடியிருந்தது.

“எங்க சாமி போற? ஜீப்புல கொண்டுபோயி விடச் சொல்றேன், இரு” என்றேன்.

“நடந்தே போறனுங்க” என்றான். “எல்லாரும் கும்புட்டு முடிச்சிருப்பாங்க. ஆத்தா இன்னும் வெளியவே நிக்கும்.”